வாடையும் அனிச்சையும்: உடலியல் டீச்சரிடம் கேட்டவை

கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கேள்விகளில் நரம்பு மண்டலம் தொடர்பானவற்றை மட்டும் இம்முறை எடுத்திருக்கிறேன். பாதி மூக்கைப் பற்றியவை, மீதி அனிச்சையை, அதாவது நாம் நினைக்காமலே கை கால் தானாக இழுத்துக்கொள்வதைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். மருந்து பெயரும் அளவும் கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை. அதை உங்களை நேரில் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி (டுரியான் வியாபாரி, பாலிக் புலாவ்): டீச்சர், சீசன் நேரத்தில் வரும் சுற்றுப்பயணிகள் சிலர் பத்தடி தள்ளி நின்றே மூக்கைப் பொத்துகிறார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதே வாடைக்கு ஓடி வருகிறார்கள். ஆளுக்கு ஆள் மூக்கு வேறா?

பதில்: மூக்கில் கொஞ்சம் வேறுபாடு உண்டு. பெரிய வேறுபாடு மூளையில்தான். வாடை போகும் வழியைச் சொன்னால் இது புரியும்.

மூச்சு இழுக்கும்போது காற்றில் பெரும்பகுதி கீழ்வழியாகத் தொண்டைக்குப் போய்விடும். பத்தில் ஒரு பங்கு போலத்தான் மூக்கின் மேல்கூரையை எட்டும். இரண்டு கண்களுக்கும் நடுவே உள்ள உயரத்தில், பக்கத்துக்குச் சில சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு மெல்லிய சவ்வு அங்கே இருக்கிறது. வாடையை உணரும் பல லட்சம் நரம்பணுக்கள் அந்தச் சவ்வில்தான் உள்ளன. நாம் விட்டு விட்டு உறிஞ்சி மோப்பம் பிடிப்பதெல்லாம் காற்றைச் சுழற்றி அந்தக் கூரைக்கு அனுப்பத்தான்.

ஒவ்வொரு நரம்பணுவின் நுனியிலும் சளிப்படலத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிழைகள் உண்டு. அவற்றில்தான் ஏற்பிப் புரதங்கள் இருக்கின்றன. மனிதருக்கு ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள், ஆனால் ஒரு நரம்பணுவில் ஒரே ஒரு வகை. இந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவரும் 1991இல் வெளிப்படுத்தினார்கள், 2004இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. வாடை மூலக்கூறு ஏற்பியில் வந்து உட்கார்ந்ததும் அணுவுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற பொருள் பெருகி ஒரு வாயிலைத் திறக்கும். சோடியமும் கால்சியமும் உள்ளே பாயும். அந்தக் கால்சியம் வேறொரு வாயிலைத் திறந்து குளோரைடை வெளியே விடும். இரண்டும் சேர்ந்துதான் மின்துடிப்பு கிளம்புகிறது. துடிப்பு சல்லடை எலும்பின் துளைகள் வழியே மேலேறி, மூளையின் அடியில் உள்ள முகர்வுக் குமிழை அடையும். ஒரே வகை ஏற்பி கொண்ட நரம்பிழைகள் எல்லாம் குமிழில் ஒரே முடிச்சில் போய்ச் சேரும். எந்தெந்தப் புள்ளியில் விளக்கு எரிகிறது என்பதை வைத்து விளக்குக் கோலத்தை அடையாளம் காண்பதுபோல, எந்தெந்த முடிச்சு துடிக்கிறது என்பதை வைத்து மூளை வாடையை அடையாளம் காண்கிறது. 400 வகையை வைத்துக்கொண்டு அதைவிடப் பல மடங்கு வாடைகளைப் பிரித்தறிய முடிவது இதனால்தான்.

இனி டுரியானுக்கு வருவோம். அதில் பழவாசனை தரும் எஸ்டர்களும் உண்டு, வெங்காயம், அழுகிய முட்டை போல அடிக்கும் கந்தகச் சேர்மங்களும் உண்டு. இந்த இரண்டு வகையிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்துக் கலந்தாலே டுரியான் வாடை வந்துவிடுகிறது என்று ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். கந்தகச் சேர்மங்களை நம் மூக்கு மிக மிகக் குறைந்த அளவிலேயே பிடித்துவிடும். தள்ளி நிற்பவருக்கு முதலில் உறைப்பது அந்தப் பகுதிதான்.

மற்றப் புலன்களின் செய்தி தலாமஸ் என்ற நிலையத்தைக் கடந்த பிறகே மூளைப் புறணிக்குப் போகும். வாடை அந்த நிலையத்துக்குப் போகாமலே முகர்வுப் புறணியையும், அச்சம், விருப்பு, நினைவு இவற்றைக் கையாளும் அமிக்டலா பகுதியையும் எட்டிவிடும். அதனால் அது என்ன வாடை என்று பெயர் சொல்வதற்கு முன்பே பிடிக்கும், பிடிக்காது என்ற தீர்ப்பு வந்துவிடுகிறது. உங்கள் பிள்ளைகளுக்கு அந்த வாடை இனிப்போடும் குடும்பத்தோடும் சேர்ந்தே பதிந்திருக்கிறது. வந்தவருக்கு அது குப்பையோடும் கேஸோடும் பதிந்திருக்கிறது.

புதியவரைச் சாப்பிட வைக்க ஒரு வழி: சுளையைக் குளிரவைத்துக் கொடுங்கள். குளிர்ச்சியில் வாடை மூலக்கூறுகள் குறைவாகவே காற்றில் எழும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறு துண்டை வாயில் போட்டு, மென்று, பிறகு மூக்கை விடச் சொல்லுங்கள். அப்போது வாடை தொண்டையின் பின்பக்கமாக, இனிப்போடு சேர்ந்து மூக்குக்குப் போகும். சிலருக்கு இந்த வழியில் அது வேறு பழமாகவே தெரியும்.

கேள்வி (வாசகி, செந்தூல்): என் மருமகளுக்குக் கொத்தமல்லித் தழை சவுக்காரம் போல இருக்கிறதாம். சும்மா சொல்கிறாளா?

பதில்: உண்மையாகத்தான் சொல்கிறாள் அக்கா. தழையில் உள்ள ஆல்டிஹைடு வகைப் பொருள்கள் சோப்பிலும் உண்டு. அவற்றை உணரும் ஓர் ஏற்பியின் மரபணு அருகே உள்ள சிறு மாற்றம் இந்த வெறுப்போடு தொடர்புடையது. தழையை முழுசாகத் தூவாமல் நன்றாக அரைத்துச் சிறிது நேரம் வைத்துவிட்டுப் போட்டால், இலையின் நொதிகளே அந்தப் பொருளில் ஒரு பங்கைச் சிதைத்துவிடும். சட்னியாக அரைத்தால் அவளும் சாப்பிடக்கூடும்.

கேள்வி (பூக்கடை வைத்திருப்பவர், பிரிக்பீல்ட்ஸ்): காலையில் கடையைத் திறந்த சிறிது நேரத்தில் மல்லிகை வாசனையே எனக்குத் தெரிவதில்லை. வருகிறவர்கள் எல்லாம் ஆகா என்கிறார்கள். மூக்கு கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை, ஐயா. நரம்பணுவுக்குள் பாய்ந்த அதே கால்சியம், தான் நுழைந்த வாயிலின் கூர்மையைக் குறைத்துவிடும். மாறாமல் வந்துகொண்டிருக்கும் வாடையை மூளையும் பின்னுக்குத் தள்ளிவிடும். புதிதாக ஒன்று வந்தால் அதைக் கவனிக்க இடம் வேண்டுமே. வெளியே போய்ச் சில நிமிடம் நல்ல காற்றில் நின்றுவிட்டு வாருங்கள், மல்லிகை திரும்ப வரும். அத்தர்க் கடைகளில் காப்பிக்கொட்டை வைத்திருப்பார்கள். அதற்குத் தனிச் சக்தி எதுவும் இல்லை, சாதாரணக் காற்றே அந்த வேலையைச் செய்யும்.

மல்லிகை மறைவதால் யாருக்கும் கெடுதல் இல்லை. இதே குணம் உயிரை எடுக்கும் இடமும் உண்டு என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சாக்கடைக் குழி, கழிவுத் தொட்டி, பாமாயில் ஆலையின் கழிவுக்குளம் ஆகிய இடங்களில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உருவாகும். பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும்போதே அழுகிய முட்டை வாடை வந்துவிடும். ஆனால் 100 பங்கை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். குழிக்குள் இருப்பவர் “வாடை போய்விட்டது, பரவாயில்லை” என்று நினைப்பார், வாயுவோ கூடிக்கொண்டிருக்கும். 500க்கு மேல் போனால் மயங்கி விழுவார். அவரைத் தூக்கப் போனவரும் விழுவார். குழியில் இருவர் மூவராக இறப்பது பெரும்பாலும் இப்படித்தான். இறங்கும் முன்பு வாயுமானியைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். மூக்கை நம்பி யாரையும் இறக்காதீர்கள். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் காற்றுக் கருவி இல்லாமல் பின்னால் இறங்காதீர்கள், 999ஐ அழையுங்கள்.

கேள்வி (இல்லத்தரசி, கெப்போங்): அப்படியானால் சமையல் கேஸும் அப்படித்தானா? ராத்திரி தூங்கும்போது கசிந்தால் வாடை எழுப்பிவிடும் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார்.

பதில்: அதை நம்பவே நம்பாதீர்கள். தூக்கத்தில் சத்தம் எழுப்பும், வலி எழுப்பும். வாடை மட்டும் பெரும்பாலும் எழுப்பாது. கண்ணும் மூக்கும் எரிகிற காரம் இருந்தால் எழுப்பலாம். ஆனால் அந்த எரிச்சல் முகர்வு நரம்பின் வேலை இல்லை. அது முகத்தின் முப்பிரிவு நரம்பு தரும் செய்தி.

தோம்பில் உள்ள எரிவாயுவுக்கு இயல்பாக வாடை கிடையாது. கசிவு தெரியட்டும் என்றுதான் கந்தகச் சேர்மம் ஒன்றைக் கலக்கிறார்கள், பெரும்பாலும் ஈதைல் மெர்காப்டன். கசிவு மெதுவாக இருந்தால் விழித்திருப்பவருக்கே மூக்கு பழகிவிடும். வெளியிலிருந்து வீட்டுக்குள் வருகிறவர் “கேஸ் வாடை” என்று சொன்னால், உங்களுக்குத் தெரியாவிட்டாலும் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டரை மூடுங்கள். எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி வரும். கதவு சன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய், அங்கிருந்து போன் செய்யுங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். ஆகையால் கேஸ் அபாயமணியைத் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்துக்குள் பொருத்த வேண்டும். புகைமணி கூரையில். இரண்டையும் ஒரே இடத்தில் பொருத்தினால் ஒன்று வீண்.

கேள்வி (இளைஞர், பட்டர்வொர்த்): கோவிட் வந்து போனதிலிருந்து காப்பியும் வதக்கிய வெங்காயமும் அழுகின நாற்றம் அடிக்கிறது அக்கா. வாடை தெரியாமல் இருந்தபோதே நன்றாக இருந்தது. இது தேறுமா?

பதில்: தம்பி, பலருக்கும் தேறுகிறது. மாதக்கணக்கில் ஆகலாம். நடந்தது இதுதான்: அந்த வைரஸ் பெரும்பாலும் வாடை நரம்பணுவை நேரடியாகத் தாக்குவதில்லை. அதைச் சுற்றித் தாங்கி நிற்கும் துணை அணுக்களைத் தாக்குகிறது. அவை அழிந்ததும் நரம்பணுக்களும் செயலிழந்து உதிர்கின்றன. நல்லவேளையாக, உடலில் வாழ்நாள் முழுக்கப் புதிதாக முளைக்கும் நரம்பணுக்கள் சிலவே, அவற்றில் இது ஒன்று. சவ்வின் அடியில் உள்ள மூல அணுக்கள் ஓரிரு மாத இடைவெளியில் புதியவற்றை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். புதிய இழை சல்லடை எலும்பைத் தாண்டிச் சரியான முடிச்சைத் தேடிப் போய்ச் சேர வேண்டும். 400 வகையும் ஒரே நேரத்தில் திரும்புவதில்லை. காப்பிக்குரிய கோலத்தில் பாதிதான் எரிந்தால் மூளை அதைக் காப்பி என்று ஏற்காது, கெட்டுப்போன ஏதோ ஒன்று என்று தீர்ப்பளிக்கும். வறுத்த காப்பியில் உள்ள ஃபியூரான்மெத்தேன்தயோல் என்ற கந்தகச் சேர்மம் இந்த நாற்றத்தைத் தூண்டும் முக்கியமான பொருள்களில் ஒன்று. வறுத்த கோழியும் பூண்டும் பலரைத் தொந்தரவு செய்வதற்குக் காரணமும் இத்தகைய சேர்மங்களே.

செய்ய வேண்டியது வாடைப் பயிற்சி. நான்கு மணங்கள்: ரோஜா, எலுமிச்சை, யூகலிப்டஸ், கிராம்பு. மூடியுள்ள நான்கு சிறு கண்ணாடிக் குப்பிகளில் பஞ்சு வைத்து, ஒவ்வொன்றிலும் எண்ணெய் சில துளி விடுங்கள். காலையில் ஒருமுறை, இரவு ஒருமுறை. ஒரு குப்பியை மூக்கிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, 10 முதல் 20 விநாடி மெல்ல விட்டு விட்டு உறிஞ்சுங்கள். ஆழமாக இழுத்தால் காற்று நேரே நுரையீரலுக்குப் போகும், கூரையை எட்டாது. உறிஞ்சும்போது பெயரைப் படித்து, அந்த மணம் முன்பு எப்படி இருந்தது என்று நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அரை நிமிடம் விட்டு அடுத்த குப்பி. குறைந்தது 12 வாரம். பலர் நான்காம் வாரத்தில் “ஒன்றும் தெரியவில்லை” என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் கட்டத்தில்தான் விடக்கூடாது. துளிகள் ஆவியாகி மணம் குறைந்துவிடும், அவ்வப்போது புதிதாக விடுங்கள்.

சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிடாதீர்கள், ஆறவைத்துச் சாப்பிடுங்கள். தயிர்சாதம், இட்லி, பழம் இவை பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை. வறுவலையும் தாளிப்பையும் சில மாதம் தள்ளி வையுங்கள். எடை குறைந்துகொண்டே போனால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு பக்க மூக்கில் மட்டும் வாடை போய்விட்டால், இரத்தம் வந்தால், மூக்கு எப்போதும் அடைத்தே இருந்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போங்கள். மோட்டார்சைக்கிள் விபத்துக்குப் பிறகு வாடை போனவர்களும் எழுதியிருந்தார்கள். தலை அடிபடும்போது மூளை அசைந்து, சல்லடை எலும்பில் நுழையும் மெல்லிய இழைகள் அறுபடும். அடிபட்ட பிறகு மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால் அது சளியாக இல்லாமல் மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். சீந்தாதீர்கள், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி (வாசகர், ஆயர் ஈத்தாம்): தைலம் தடவினால் மூக்கடைப்பு திறக்கிறதே, எப்படி?

பதில்: திறப்பதில்லை. மென்தால், குளிர்ச்சியை உணரும் நரம்பு முனையைத் தூண்டுகிறது. காற்று தாராளமாகப் போவதாக மூளை எடுத்துக்கொள்கிறது, வீக்கம் அப்படியேதான் இருக்கும். பெரியவர்களுக்கு அந்த ஆறுதல் போதும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மூக்கிலோ முகத்திலோ மென்தால், கற்பூரம் கலந்த எதையும் தடவாதீர்கள். குரல்வளை அனிச்சையாக இறுகி மூச்சு தடைபடலாம்.

கேள்வி (படிவம் 4 மாணவி, ஷா ஆலம் சாலைப் பக்கம்): டீச்சர், முழங்காலில் தட்டினால் கால் உதைப்பதற்கு இரண்டு நியூரான் (நரம்பணு), விரலில் குத்தினால் கை இழுத்துக்கொள்வதற்கு மூன்று நியூரான் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஏன் ஒன்றில் குறைவு? வீட்டில் செய்து பார்த்தால் எனக்குக் கால் ஆடவே இல்லை.

பதில்: முழங்கால் அனிச்சையின் வேலை தசையின் நீளத்தைக் காப்பது. நிற்கும்போது முழங்கால் சற்று மடங்கினாலும் தொடைத்தசை நீளும். உடனே அதை இறுக்கியாக வேண்டும். தசைக்குள் இருக்கும் தசைக்கதிர் என்ற உணர்கருவி நீட்சியைப் பிடித்து, உடலின் மிக வேகமான நரம்பிழை வழியே தண்டுவடத்துக்கு அனுப்புகிறது. அங்கே இடுப்புப் பகுதியின் 3, 4ஆம் நரம்பு மட்டத்தில் அது, தசையை இறுக்கும் இயக்க நரம்பணுவோடு நேரடியாக இணைகிறது. இடையில் ஒரே ஓர் இணைப்புதான். தட்டியதிலிருந்து தொடைத்தசையில் மின்துடிப்பு தெரிய ஏறத்தாழ 20 மில்லிவிநாடி. கண்ணால் பார்த்து வேண்டுமென்றே கையசைக்க 200 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும்.

விரல் குத்துப்படும்போது வேலை பெரிது. மணிக்கட்டு, முழங்கை, தோள் எல்லாம் சேர்ந்து மடங்க வேண்டும். செய்தியைப் பல தசைகளுக்குப் பிரித்துத் தர இடைநரம்பணு தேவை. பாடப்புத்தகம் எளிமைக்காக ஒன்றை மட்டும் வரைகிறது, உண்மையில் பல. இன்னொன்று: முழங்கால் அனிச்சையிலும் இடைநரம்பணு உண்டு. தொடையின் பின்தசை எதிர்த்து இழுக்காமல் இருக்க, அதற்குப் போகும் இயக்க நரம்பணுவை அடக்குவது அதுதான். பரீட்சையில் இரண்டு என்றே எழுது, ஆனால் காரணத்தைத் தெரிந்து வைத்துக்கொள்.

கால் ஆடாததற்கு வழக்கமான காரணங்கள் சில. பாதம் தரையைத் தொட்டிருக்கும். அல்லது கவனித்துக்கொண்டே இருப்பதால் தொடை இறுகியிருக்கும். அல்லது முழங்கால் சில்லின் மேலேயே தட்டியிருப்பாய். உயரமான மேசையில் உட்கார்ந்து காலைத் தொங்க விடு. சில்லுக்கும் கீழே உள்ள எலும்பு மேட்டுக்கும் நடுவே விரலால் அழுத்திப் பார், பட்டையாக ஒரு தசைநாண் தெரியும். வேறொருவர் உள்ளங்கையின் ஓரத்தால் அங்கே சட்டென்று தட்டி எடுக்கட்டும். அழுத்தி வைத்தால் தசைக்கதிர் துடிக்காது, வேகமான நீட்சிதான் அதற்குத் தேவை. அப்போதும் வராவிட்டால் இரண்டு கை விரல்களையும் கொக்கி போட்டு வெளிப்பக்கமாக இழு, இழுக்கும் அந்தக் கணத்தில் தட்டச் சொல். எண்டிராசிக் உத்தி என்று இதற்குப் பெயர். வேறோர் இடத்தில் தசையை இறுக்கும்போது தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்கள் எளிதில் தூண்டப்படும் நிலைக்கு வந்துவிடும். உதை தெரியாவிட்டாலும் தொடையில் கை வைத்துப் பார், தசை துள்ளுவது தெரியும்.

இரண்டு காலிலும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால் பயப்பட வேண்டாம், ஆரோக்கியமான சிலருக்கு அப்படித்தான். ஒரு காலில் ஓங்கியும் மறு காலில் மங்கியும் இருந்தால்தான் மருத்துவர் ஆராய்வார்.

கேள்வி (ரொட்டி சானாய் போடுபவர், ஒட்டுக்கடை, ஜார்ஜ்டவுன்): கல்லில் விரல் பட்டதும் கை முதலில் வந்துவிடுகிறது, சுடுவது பிறகுதான் தெரிகிறது. ஆனால் சூடான தே தாரிக் கிளாஸைக் கீழே போடாமல் மேசை வரை கொண்டுபோய்விடுகிறோம். இது எப்படி?

பதில்: தோலில் 43 பாகை செல்சியஸைத் தாண்டியதும் சூட்டு வலியை உணரும் நரம்பு முனைகள் துடிக்கத் தொடங்கும். தண்டுவடம் வரை போய்க் கையை மடக்கித் திரும்ப அது போதும், மூளையின் அனுமதி தேவையில்லை. மூளைக்குச் செய்தி இரண்டு தவணையாகப் போகிறது. சற்றுப் பருத்த இழைகள் விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் “சுரீர்” என்பதைக் கொண்டுபோகும். உறையில்லாத மெல்லிய இழைகள் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில் எரிச்சலைக் கொண்டுபோகும். விரலிலிருந்து கழுத்து வரை தூரம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கடைசி எரிச்சல் கிட்டத்தட்ட ஒரு விநாடி தாமதமாக வருவது இதனால்தான்.

கிளாஸைப் பொறுத்தவரை, அது சுடும் என்று தெரிந்தே எடுக்கிறீர்கள். மூளை முன்கூட்டியே தண்டுவடத்துக்கு அடக்கும் செய்தி அனுப்பிவிடுகிறது, மடங்கும் அனிச்சை தணிந்துவிடுகிறது. சூடு அளவு மீறினால் அந்த அடக்கமும் உடையும். எதிர்பாராமல் பட்டால் எந்த அடக்கமும் கிடையாது.

சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். மோதிரத்தை வீங்கும் முன் கழற்றுங்கள். கிச்சாப், பற்பசை, ஐஸ் எதுவும் வேண்டாம். முதல் இரண்டும் சூட்டையும் அழுக்கையும் உள்ளே அடைக்கும், ஐஸ் இரத்த ஓட்டத்தைக் குறைத்துக் காயத்தை ஆழமாக்கும்.

கேள்வி (புதுத் தாய், சுபாங்): சத்தம் கேட்டால் குழந்தை கையை விரித்துத் தூக்கிப்போடுகிறது. வலிப்பா?

பதில்: கைகளை விரித்துப் பிறகு அணைப்பதுபோலச் சேர்த்தால் அது மோரோ அனிச்சை. 4 முதல் 6 மாதத்தில் மறைந்துவிடும். உள்ளங்கையில் விரலை வைத்தால் பிடித்துக்கொள்வதும் ஏறக்குறைய அதே காலத்தில் போகும். பாதத்தின் ஓரத்தைத் தடவினால் கட்டைவிரல் மேலே நிமிர்வது ஒன்றிரண்டு வயது வரை இயல்பு. பெரியவருக்கு அப்படி நிமிர்ந்தால் மூளையிலோ தண்டுவடத்திலோ கோளாறு என்று பாபின்ஸ்கி 1896இல் காட்டினார். ஒரு கை மட்டும் விரியாவிட்டாலோ, எந்தத் தூண்டலும் இல்லாமல் தொடர்ச்சியாக வெட்டி வெட்டி இழுத்தாலோ வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி (வாசகர், பாயான் லெப்பாஸ்): எங்கள் அப்பாவுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) பல ஆண்டுகளாக இருக்கிறது. பாதம் மரத்திருக்கிறது என்கிறார், ஆனால் வலி இல்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வெறுங்காலோடு நடப்பேன் என்று பிடிவாதம். வலி இல்லாதபோது நடந்தால் என்ன?

பதில்: இத்தனை கேள்விகளில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது இதுதான். மலேசியாவில் 2019 தேசிய ஆய்வின்படி வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். இதே கேள்வி வேறு வீடுகளிலும் இருக்கும்.

நீண்ட காலம் கூடிய சர்க்கரை நரம்பிழைகளையும் அவற்றுக்கு உணவு தரும் நுண்குழாய்களையும் கெடுக்கும். உடலிலேயே மிக நீளமான இழைகள் பாதத்துக்குப் போகிறவை, அவைதான் முதலில் கெடும். வலியையும் சூட்டையும் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் போய்விட்டால் அனிச்சை வில்லின், அதாவது தோலிலிருந்து தண்டுவடம் போய்த் தசைக்குத் திரும்பும் வழியின், உள்வரும் பாதை அறுந்துவிட்டது என்று பொருள். தண்டுவடமும் தசையும் நன்றாகவே இருக்கும், ஆனால் காலை எடு என்று சொல்ல யாரும் இல்லை. ஆணி குத்தினால் மற்றவருக்குக் கால் தானாக மடங்கும், மறுகால் விறைத்து உடலைத் தாங்கும். அப்பா அந்த ஆணியின் மேல் முழு எடையையும் வைத்து அடுத்த அடி எடுப்பார்.

வெயிலில் தார்ச்சாலை 50 பாகையைத் தாண்டும். 49 பாகையில் சில நிமிடத் தொடுகையே தோலை வேகவைக்கும், 60 பாகையில் 5 விநாடி போதும். மற்ற பக்தர்கள் சுடுகிறது என்று ஓரத்துக்கு ஓடி நிழலில் கால் மாற்றுவார்கள். அப்பா நடுச்சாலையில் நிதானமாக நடப்பார், இரவில்தான் கொப்புளம் தெரியும். வியர்வை நரம்பும் கெட்டிருப்பதால் தோல் வறண்டு வெடித்திருக்கும். அந்த வெடிப்பு வழியே கிருமி நுழையும்.

இன்றைக்கே வீட்டில் இதைச் செய்து பாருங்கள். அப்பாவைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் என மூன்று விரல் நுனிகளை, இரண்டு காலிலும், உங்கள் ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு விநாடி மெல்லத் தொடுங்கள். தட்டவோ அழுத்தவோ தேய்க்கவோ கூடாது. தொட்டது தெரிந்ததும் வலதா இடதா என்று அவர் சொல்ல வேண்டும். ஒரே விரலைத் திரும்பத் தொடாதீர்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் காப்புணர்வு குறைந்துவிட்டது. அரசு சுகாதாரக் கிளினிக்கில் 10 கிராம் நைலான் இழையாலும், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையாலும், குதிகால் நாணில் தட்டும் அனிச்சையாலும் உறுதி செய்வார்கள். கோளாறு இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை பாதச் சோதனை வேண்டும்.

அதே வாசகர், மறுபடி: சோதித்தேன். நான்கு விரலில் தெரியவில்லை. நேர்த்திக்கடன் என்று சொல்லி அவர் விடமாட்டார். என்ன செய்வது?

பதில்: ஆறில் நான்கு என்றால் வெறுங்கால் நடை வேண்டாம் என்பதுதான் என் பதில். அவருடைய டாக்டரும் அதையேதான் சொல்வார், அவர் வாயால் சொன்னால் அப்பா கேட்கக்கூடும். கோவில் அர்ச்சகரிடமும் பேசுங்கள். நேர்த்திக்கடனை வேறு வகையில் செலுத்தலாம் என்று அவர் சொல்வது உங்கள் சொல்லைவிட எடுபடும். வேனில் அடிவாரம் வரை போய், சன்னதிக்குள் மட்டும் வெறுங்காலாக நிற்கட்டும், அதுவும் சூரியன் ஏறும் முன்பு, நிழலான தரையில். வழியில் தையல் இல்லாத பருத்திக் காலுறையும் அடிப்பாகம் தடித்த, முன்பக்கம் மூடிய காலணியும் வேண்டும். போடும் முன்பு உள்ளே கைவிட்டுக் கல் இருக்கிறதா என்று பாருங்கள். அவருக்கு அது தெரியாது.

வீடு திரும்பியதும் நீங்களே பாதத்தைக் கழுவுங்கள், தண்ணீரின் சூட்டை உங்கள் முழங்கையால் பார்த்த பிறகு. விரலிடுக்கைத் துடைத்து, பாதத்தடியில் கண்ணாடி பிடித்துப் பாருங்கள். கொப்புளம் இருந்தால் உடைக்காதீர்கள், சுத்தமான துணியால் மூடி மறுநாளே கிளினிக்குக் கொண்டுபோங்கள். சிவப்பு பரவினால், வாடை வந்தால், நிறம் கறுத்தால், காய்ச்சல் இருந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றிரவே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், அவர் வலி இல்லை என்று சொன்னாலும்.